முதல் மூட்டை தோப்புக்கே

திரை ஓயாது வந்து தொழும் சங்கமுனைத் துறை வாழ்க. வெந்த கூரைகளின்மேல் மீண்டும் ஓலை வேய்கின்ற கைகள் வாழ்க. தோற்றும் தலை சாயாத ஆழிமங்கல நாட்டுக் கோமான், எண்டுறைக் காவலர், திரைவேந்தர் வெண்ணிக்கோ அவர்களின் திருநிழல் குடிகள் மேல் நீள்க.

அன்னாரின் நாவாக மேலைக்கடல் கடந்து, முடியிலி நாட்டில் தூதிருக்கும் அரும்பொழிலார் வரைந்த ஓலை இது. சங்கமுனைத் துறைத்தலைவி, செம்மணி இலச்சினை உடைய குமுதையார், முதற்கப்பல் கரையணைந்த அன்றே கட்டவிழ்த்துக் கண்டுகொள்க. கப்பலில் இருந்து ஒரு மூட்டையும் இறக்குமுன் இவ்வோலையைக் கடைசி வரி வரை படித்து முடிக்க வேண்டும் என்பது தூதரின் பணிவான வேண்டுகோள். அரசரின் ஆணையும் அதுவே.

தூதோலைக்கு முன்னோர் விதித்த கட்டுப்பாட்டைத் துறைத்தலைவியார் அறிவார். தூதன் அரசனுடைய நா. நாவுக்கு ஏது மனைவி, நாவுக்கு ஏது மக்கள்? ஆகவே ஓலைக்குள் 'நான்' என்ற சொல்லும் வரலாகாது, உறவு கொண்டாடலும் ஆகாது. தூதரின் மனையாட்டியே துறைத்தலைவியார் என்பதும், சங்கமுனைக் கடற்போரில் காணாமற்போன கலவீரர் ஆதன் அவ்விருவர்க்கும் ஒரே பிள்ளை என்பதும் ஊரறிந்தவை. ஆளடையாளத்துக்காக இவற்றை ஒருமுறை எழுத விதியிலேயே இடமுண்டு, எழுதியாயிற்று. இனி இலச்சினை விழும் வரை தூதர் தூதராகவும், துறைத்தலைவியார் துறைத்தலைவியாராகவும், ஆதன் கலவீரராகவும் மட்டுமே வருவர். இந்தச் சட்டத்தைச் செய்தவர்களுக்கு வீடு வாசல் இருந்ததா என்று தூதருக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு.

வந்த காரியம் யாவரும் அறிந்ததே. எண்டிசைப் போர் ஓய்ந்தபின் நம் நாட்டில் இருமுறை விதைத்தும் விளையவில்லை. வாடைமழைக்கு முன் கோதுமை வந்தால் சங்கமுனைப் பிள்ளைகள் பிழைப்பார்கள்; வராவிட்டால் கரைத்தோப்பில் குழி வெட்டத்தான் ஆள் தேட வேண்டும். வென்றவன் வாசலில் தோற்றவன் போய்ச் சோறு கேட்கும் தூது இது. பிச்சைக்குப் போகிறவனுக்குப் பட்டெதற்கு என்று ஊரார் வாய்விட்டே கேட்டார்கள். அரசர் உடுக்கச் சொன்னார், தூதர் உடுத்தார், கப்பலேறினார்.

முடியிலி நாட்டில் அரசன் இல்லை. குடிகள் தேர்ந்தனுப்பும் உறுப்பினர் கூடிய ஒரு மன்றமும், அதற்குக் குறித்த காலம் மட்டும் தலைமை தாங்கும் ஒருவருமே அங்கு ஆட்சி. போரை அவர்கள் பிறர் கரையில் நடத்தினார்கள். அவர்கள் கரையில் ஒரு குடிசைகூட வேகவில்லை. பாலங்கள் அப்படியே நிற்கின்றன, மரங்கள் காய்க்கின்றன, விளக்குகள் பகலைப் போல் எரிகின்றன. தூதருக்கு முதலில் பொறாமைதான் வந்தது. ஆனால் அங்கே கதவைத் தட்டினால் யாரும் உடனே எழுந்து வருவதில்லை. உள்ளே பேச்சு நின்றுவிடும், பாத்திர ஓசை நின்றுவிடும், நெடுநேரம் கழித்தே தாழ் விலகும். போர்க்காலத்தில் மகன் மாண்ட சேதி கதவைத் தட்டித்தான் வந்ததாம். போர் முடிந்த பின்னும் அந்த ஓசை அவர்களை விட்டுப் போகவில்லை. கூரை வேகாத ஊரிலும் பிணவாடை அடிக்கும் என்பதைத் தூதர் அங்கேதான் கண்டார்.

அந்நாட்டின் அப்போதைய பெருஞ்சண்டை விலையைப் பற்றியது. போர் நடந்தவரை கோதுமைக்கும் இறைச்சிக்கும் துணிக்கும் வீட்டு வாடகைக்கும் மன்றம் ஒரு வரம்பு கட்டியிருந்தது. அதற்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் தண்டம். போர் முடிந்ததும் வணிகர் வரம்பை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தால் அடுப்பெரியாது என்று தாய்மார் தெருவில் இறங்கினார்கள். மாட்டுப் பண்ணையார்கள் இருவரையும் மிஞ்சினார்கள். நல்ல விலை கிடைக்கும் வரை விற்பதில்லை என்று மந்தை மந்தையாக மாடுகளை மலைக்கு ஓட்டிவிட்டார்கள். உலகத்துக்கே படியளக்கும் நாட்டின் தலைநகரில், இறைச்சிக் கடையில் வெறுங்கொக்கி தொங்க, பட்டும் தொப்பியும் அணிந்த சீமாட்டிகள் வெயிலில் வரிசை நிற்கக் கண்டார் தூதர். ஊரெல்லாம் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது இதுதான்.

அதற்குள் வேலை நிறுத்தங்கள் வேறு. வேல் வடித்த உலைகள் இனி என்ன வடிப்பதென்று தெரியாமல் அணைந்து கிடந்தன. எரிந்த உலைகளில் வேலையாட்கள் கூலி போதவில்லை என்று கைகட்டி நின்றார்கள். ஆண்கள் போருக்குப் போனபோது சம்மட்டி பிடித்த பெண்களை, ஆண்கள் திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் மெச்சத்தான் வேண்டும். திரும்பி வந்த வீரனுக்குக் கல்விச் செலவும் வீடு கட்டக் கடனும் அந்நாடு கொடுத்தது. நாமோ வந்தவனுக்கு ஒரு மாலையைப் போட்டு, காலில்லாமல் வந்தவனுக்கு இரண்டு மாலை போட்டு அனுப்பினோம்.

இந்தக் கலவரத்தின் நடுவில்தான் நம் கோதுமை வழக்கு மன்றத்தில் ஏறியது. பசித்த நாட்டில் மறுபடி போர் முளைக்கும், ஆகவே கொடுப்போம் என்றது ஒரு பக்கம். பட்டினி கிடப்பவன் நம் சரக்கை எப்படி வாங்குவான், அவனை எழுப்பி உட்கார வைத்தால் நாளைக்கு நம் உலைக்கு வாடிக்கை ஆவான் என்றது அதே பக்கத்து வணிகர் குரல். அறமும் ஆதாயமும் ஒரே வண்டியில் ஏறி வந்தன. ஏறிய மட்டும் சரி என்று தூதர் வாய் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமோ, நம் பிள்ளைகளைக் கொன்றவனுக்கு நம் பிள்ளைகளின் சோற்றைப் போடுவதா என்று கேட்டது. மன்றத் தேர்தல் நெருங்கியிருந்ததால் இந்தக் கேள்விக்குக் கைதட்டல் கூடுதல். கணக்குப் பார்த்தவர்கள் எல்லாம் முடிவு ஒரே ஒரு கல்லில் நிற்கும் என்றார்கள். அங்கே தீர்ப்பு கல்லால். கொடுக்கலாம் என்பவர் வெண்கல்லும் கூடாதென்பவர் கருங்கல்லும் இடுவர்.

அந்த ஒரு கல், கோதுமை விளையும் சமவெளியில் இருந்து வந்த மாரெத்தை என்னும் அம்மையார் கையில் இருந்தது. கருங்கல்லே இடுவதாக ஊரில் வாக்குக் கொடுத்து வந்தவர். அவர் தூதரைப் பகலுணவுக்கு அழைத்தபோது தூதர் மகிழ்ந்துபோனார். உடனிருந்த துபாஷி ஒச்சப்பன் அந்த மகிழ்ச்சியில் தண்ணீர் தெளித்தான். இவன் இளமையில் சங்கமுனையில் கப்பலேறிப் போய் அந்நாட்டுத் துறையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். இரு மொழியும் அவனுக்குத் தோள்மூட்டைதான். மறுக்கப் போகிறவனுக்கு முதலில் விருந்து வைப்பது இவ்வூர் நாகரிகம் என்றும், "நல்லாச் சாப்புட்டுக்கங்க ஐயா, கெடைக்கப்போறது அது ஒண்ணுதான்" என்றும் சொன்னான்.

மாரெத்தையாரின் வீட்டுச் சன்னலில் ஒரு நீலத்துணி தொங்கியது. பிள்ளை போர்மேல் சென்ற வீட்டில் நீலம் கட்டுவதும், அவன் மாண்டால் அதை அவிழ்த்து மஞ்சள் கட்டுவதும் அவர்கள் வழக்கம். போர் ஓய்ந்த பின்னும் வெளுத்துப் போன அந்த நீலம் அங்கேயே இருந்தது. தூதர் அதைப் பார்த்தார், அதன் பொருளைக் கேட்டறிந்தார், ஆனால் ஏனோ அதை மனத்தில் வாங்கவில்லை. பசித்த ஊரின் நினைவிலேயே இருந்தார்.

உள்ளே மேசையைச் சுற்றி நாற்காலிகள். அம்மையார் ஒன்றில், பேச்சற்ற கணவர் ஒன்றில், ஒச்சப்பன் ஒன்றில். சன்னலை ஒட்டிய இடத்தில் தட்டு வைத்து, நீர் ஊற்றி, ரொட்டியும் வைத்திருந்தது. இன்னொரு தட்டு மேசையின் மறுகோடியில் இருந்தது. தூதர் யோசிக்காமல் சன்னலோரத்து நாற்காலியில் போய் அமர்ந்துவிட்டார்.

ஏன் அமர்ந்தார் என்பதைத் துறைத்தலைவியார் அறிவார், வேறெவரும் அறியார். சங்கமுனையில் துறைத்தலைவியார் இல்லத்தில் நாள்தோறும் கலவீரர் ஆதனுக்கு ஓர் இலை விழுகிறது. போட்ட இலை வெறுமையாகக் கிடக்கலாகாது என்பது நம் மண்ணின் நம்பிக்கை. ஆகவே நாள்தோறும் தூதர், தமக்குப் போட்ட இலையை விட்டெழுந்து அந்த இலையில் அமர்ந்து உண்பார். இதைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆள் இல்லாத இடத்தில் சோறு வைத்திருக்கக் கண்டால் தூதரின் கால்கள் தாமே அங்கு போகும்படி பழகிவிட்டன.

கணவர் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். ஒச்சப்பன் முகம் வெளிறிப்போய், "எந்திரிங்க ஐயா, எந்திரிங்க. அது விருந்தாளி எடமில்ல. போருக்குப் போன அவுக பையன் எடம்" என்றான். அப்போதுதான் சன்னலின் நீலத்துணி தூதரின் கண்ணில் முழுதாகப் பட்டது. மேசையில் கையூன்றி எழப்போனார். சங்கமுனைக் குழந்தைகளின் சோற்றைத் தம் ஒரு பழக்கம் மண்ணாக்கிவிட்டதே என்று அஞ்சினார்.

உள்ளதையே சொன்னார். எங்கள் நாட்டில் போட்ட இலையைக் காலியாக விடமாட்டோம். எங்கள் வீட்டிலும் கடலில் தொலைந்த ஒரு கலவீரனுக்கு இலை விழுகிறது. அதில் அமர்ந்து உண்பவன் இந்தத் தூதன்தான். பழக்கம் காரணம், அவமதிப்பு அன்று. ஒச்சப்பன் இதை மொழிபெயர்த்து முடித்தான். அந்த வீரன் எந்தக் கடலில் தொலைந்தான் என்று அம்மையார் கேட்டார். சங்கமுனைத் துறையின் வாயில் என்றார் தூதர். அம்மையார் தம் கணவரைப் பார்த்தார். அவர்கள் பிள்ளையின் கப்பல் கவிழ்ந்ததும் சங்கமுனை வாயில்தான்.

எழ வேண்டாம் என்று அம்மையார் கையால் காட்டி, தம் கையாலேயே தூதருக்குப் பரிமாறினார். சற்றுப் பொறுத்து, போர் முடிந்த மறுநாள் அக்கரையில் ஒதுங்கிய உடல்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இக்கேள்வியைக் கேட்கவே அவர் விருந்து வைத்தார் போலும்.

தூதர் அன்று சங்கமுனைத் துறைத்தலைவராக இருந்தவர். உள்ளதை, ஒன்றை மட்டும் விட்டு, சொன்னார். உப்பும் மீனும் தின்ற முகங்களில் எவன் நம்மவன், எவன் அவர்களவன் என்று தெரியவில்லை. உடை இல்லை, அடையாளம் இல்லை. எந்த முகமும் ஆதன் முகமாக இருக்கலாம். ஆகவே எவரையும் பிரிக்காமல் கரைத்தோப்பில் வரிசையாகக் குழி வெட்டி, ஒவ்வொருவருக்கும் முறைப்படி வாய்க்கரிசி இட்டு அடக்கம் செய்தோம் என்றார். வாய்க்கரிசி என்றால் என்னவென்று அம்மையார் கேட்டார். போகிறவன் பசியோடு போகக்கூடாதென்று பெற்றவரோ பிள்ளையோ அவன் வாயில் இடும் கடைசிப் பிடி அரிசி என்றார் தூதர். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். என் பிள்ளைக்கும் அரிசி இட்டீர்களா என்று கேட்டார்.

துறைத்தலைவியார் இதை இதுவரை அறியார். அன்று அவர் கரைக்கு வரவில்லை. வந்து பார்த்தால் ஆதன் இறந்தவனாகிவிடுவான் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். அன்று ஊரில் ஒரு பிடி அரிசி இல்லை. களஞ்சியம் எரிந்திருந்தது, விதைநெல்லையும் தின்றாயிற்று.

ஒச்சப்பன் நம் மொழியில் கெஞ்சினான்: "அரிசின்னே சொல்லிருங்க ஐயா. யாரு பாத்தா? ஆமான்னு ஒரு வார்த்த, நம்ம புள்ளைக பொழச்சுக்கும்." அவன் சொன்னது நியாயம். தூதர் வாயைத் திறந்தார். சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, இறந்தவன் தட்டில் கை வைத்துக்கொண்டு, அவன் தாயிடம் பொய் சொல்ல நா எழவில்லை. அரிசி இல்லை, கடல் மணலை அள்ளி இட்டேன், எல்லார் வாயிலும் என் கையாலேயே இட்டேன் என்று சொன்னார். தூதர் பேசும்போது 'என்' என்று பேசியதை ஓலையில் எழுதியது குற்றமாகுமானால் அரசர் பொறுத்தருள்க. அந்த இடத்தில் வேறு சொல் பொருந்தவில்லை.

அம்மையார் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. உணவு ஆறிப்போனது. கணவர்தான் வாசல் வரை வந்து, தூதரின் மேலாடையைத் தோளில் எடுத்துப் போட்டு அனுப்பினார். வழியெல்லாம் ஒச்சப்பன் வாய்விட்டு அழுதான். தூதரைக் கோபித்தும் கொண்டான். அன்று முதல் தூதர் எதை உண்டாலும் பல்லில் மணல் நறநறக்கிறது. அந்நாட்டு ரொட்டி பஞ்சு போன்றது, அதிலும் நறநறக்கிறது.

மறுநாள் மன்றம் கூடியது. பார்வையாளர் மாடத்தில் தூதரும் ஒச்சப்பனும். மற்றவர்கள் எல்லாம் கல்லை இட்டு முடித்தபின் மாரெத்தையார் எழுந்து பேசினார். மன்றத்தின் பெருமொழி ஒச்சப்பன் வாயில் துறைமுக மொழியாக வந்தது. அதை மெருகேற்றாமல் அவன் சொன்னபடியே எழுதுகிறார் தூதர்:

"எம் மகன் வாயில என்ன போட்டீகன்னு அந்த மனுசன்கிட்டக் கேட்டேன். மண்ணுன்னாரு. பொய் சொல்லீருந்தா கருங்கல்லப் போட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பேன். சொல்லல. அவுககிட்ட அன்னைக்கு இருந்தது மண்ணுதான், அதத்தான் எம் மகனுக்கும் கொடுத்தாக, தம் மகனுக்கும் கொடுத்தாக. நம்மகிட்ட கோதும இருக்கு. களஞ்சியத்துல பூச்சி விழுது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இல்லேங்குறது?"

வெண்கல் விழுந்தது. ஒரு கல் வித்தியாசத்தில் கோதுமை நமதாயிற்று.

கப்பலில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கையிலேயே இறைச்சிக்கு விலைவரம்பை அவிழ்த்துவிட்டார்கள். மலையில் இருந்து மாடுகள் இறங்கி வந்தன, விலை மலையேறியது. அடுத்து வந்த தேர்தலில் மாரெத்தையார் தோற்றார். நம் சோற்றைப் பகைவனுக்கு வாரிக் கொடுத்தவள் என்று அவர் ஊர்ச் சுவர்களில் எழுதியிருந்தார்களாம். கப்பல் புறப்படுமுன் அவரைக் காணச் சென்றபோது வீட்டுச் சன்னலில் மஞ்சள்துணி தொங்கியது. அவிழ்த்த நீலத்துணியில் தம் நிலத்துக் கோதுமை ஒரு பிடி முடிந்து வைத்திருந்தார். தூதரிடம் கேட்டது ஒன்றுதான்: மணல் இட்ட வாய்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் மற்றவர்கள் உண்ண வேண்டும். தூதர் அரசரின் பெயரால் வாக்களித்தார்.

ஆகவே எண்டுறைக் காவலர் திரைவேந்தர் திருப்பெயரால் துறைத்தலைவியார்க்கு ஆணை. முதலில் இறங்கும் மூட்டை களஞ்சியத்துக்கும் போகலாகாது, அரண்மனைக்கும் போகலாகாது. கரைத்தோப்புக்கே போக வேண்டும். பசித்த பிள்ளைகள் அழுவார்கள், ஊரார் ஏசுவார்கள். அந்த ஒரு பொழுது பொறுக்கச் செய்க. கோதுமையைக் குத்திச் சோறாக்கி, குழிதோறும் இலையிட்டு, நம்மவன் மாற்றவன் என்று பாராமல் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி வைக்க. இவ்வோலையோடு வரும் நீலத்துணிப் பிடியை அதனோடு கலந்துவிடுக. துணியைத் தோப்பின் முதல் மரத்தில் கட்டுக. அதன்பின் ஊருக்கு அடுப்பு மூட்டுக. மீறுவோர் கடலுக்கும் கோலுக்கும் பிழை செய்தோராவர். கடல் உள்ளளவும் இவ்வாணை நிற்க. தூதர் அரும்பொழிலார் கைச்சாத்து. திரைவேந்தரின் சங்கு இலச்சினை இங்கு விழுந்தது.

இலச்சினைக்குக் கீழே எழுதுவது ஓலையில் சேராது.

குமுதை, இனி வீட்டுக்குள் இலை போடாதே. தோப்பில் போடு. எது அவன் குழி என்று என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியாது. முதல் குழியில் தொடங்கி ஒன்றும் விடாமல் வா. நம் பிள்ளைக்கு நான் மண்தான் போட்டேன். நீ சோறு போடு.